ஜான்பீட்டரின் ரோமாபுரித் தேவதைகள்

காசைத் தொடுமுன் ஜான்பீட்டர் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். தொழிற்சாலையில் கிரைண்டிங் பிரிவில் வேலை. எண்ணெய்க் கறை நகக்கண்ணை விட்டுப் போவதே இல்லை. ஈரம் துடைத்துவிட்டு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, பஞ்சின்மேல் கிடக்கும் வெள்ளிக்காசை விளிம்பில் பிடித்து எடுக்கிறார்.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகளில் அவருக்குக் காசுக்காரர் என்றே பெயர். கரூர்ப் பக்கம் ஆற்றுமணலில் கிடைக்கும் ரோமானியக் காசுகளைத் தேடிப்போய் வாங்கிச் சேர்ப்பவர். மன்னன் தலை இருக்கும் பக்கத்தை அவர் மதிப்பதில்லை. "ராசா மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான் சார். திருப்பிப் பாருங்க, அங்கதான் ஆளு நிக்குது" என்பார். இறக்கை விரித்தவள் வெற்றித் தேவதை. கப்பல் சுக்கான் பிடித்தவள் அதிர்ஷ்டம். பூவை நீட்டிக்கொண்டு நிற்பவள் நம்பிக்கை.

அவர் மனைவி ஜெயசெல்வி அக்காவுக்கு இது ஆகவே ஆகாது. "மாதா இருக்குற வூட்ல எதுக்குங்க இந்தப் பேயிங்க?" என்று கத்துவது தெருமுனைவரை கேட்கும். இவர் சிரித்துக்கொண்டே இன்னொன்று வாங்கிவருவார்.

போன மழைக்காலத்தில் அக்கா குழாயடியில் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. வலது கை, கால், பேச்சு எல்லாம் போயின. பழகிய பொருளைக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள் என்றார் பெங்களூர் டாக்டர். ஜான்பீட்டர் ஜெபமாலையைக் காட்டினார். கல்யாண போட்டோவைக் காட்டினார். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாவது வரட்டும் என்று கடைசியில் காசுகளை எடுத்தார் ஜான்பீட்டர்.

ஒரு காலையில் நானும் அங்கே இருந்தேன். கிண்ணத்திலிருந்து பாம்புக்கு ஊட்டும் தேவதை அவர் விரல்களுக்கிடையில் இருந்தாள். உடல்நலத்தைக் காக்கிறவளாம்.

"செல்வி, இங்க பாரும்மே. புதுசா ஒரு பேய் வந்துருக்குது. திட்டு. ஒரே ஒரு வார்த்தை திட்டும்மே."

அக்காவின் கண்கள் மெதுவாக நகர்ந்து காசின்மேல் நின்றன. ஜான்பீட்டர் மூச்சை அடக்கிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. வாய் திறந்தது. அக்கா நாக்கை நீட்டினார், கோயில் பூசையில் சாமியார் தரும் நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்குவதுபோல.

"இது அப்பம் இல்லம்மே..."

நீட்டிய நாக்கு உள்ளே போகவில்லை. காத்துக்கொண்டிருந்தது.

அவர் காசைச் சட்டைப்பையில் போட்டார். தட்டிலிருந்த இட்லியில் ஒரு துளி கிள்ளி அந்த நாக்கில் வைத்தார். பிறகு, அக்கா சொல்லவேண்டிய "ஆமென்" என்ற சொல்லை அவரே சொன்னார்.