பாமினி இல்லாத லப்டொப்

அந்த லப்டொப்புக்குப் பன்னிரண்டு வயது. பொத்தானை அமத்திவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் மரியமலருக்கு முன்னால் அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். போதாக்குறைக்கு, இந்த விண்டோசுக்கு இனிப் பாதுகாப்பு இல்லை, புதியதைப் போடு என்று நாளாந்தம் அறிவித்தல். போடப்போனால் இந்தப் பெட்டிக்கு அது ஏறாதாம். என்ன நியாயம் இது!

வவுனியாவில் கொம்பியூட்டர் திருத்தும் தம்பி றொமேஸ் ஞாயிறு பூசைக்கு வந்தவன், "விண்டோசைத் தூக்கிப்போட்டு லினக்ஸ் போட்டால் பறக்கும் அக்கா" என்றான். கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவைத்து, இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு லினக்சைப் போட்டான். கோப்புகளைத் திரும்ப ஏற்றிவிட்டுப் பின்னேர பஸ்ஸில் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமைதான் வில்லங்கம் வெளித்தது. அன்று இரண்டு மணிக்குக் காணி அதிகாரி கோயில் மண்டபத்துக்கு வருகிறார். கடல்நீர் ஏறி நிற்கும் களப்போரம் கருவாடு காயப்போடும் நிலத்தில் யார் எத்தனை வருசமாகத் தொழில் செய்கிறார்கள் என்று வீட்டுக்கொரு வாக்குமூலம் வேண்டும். அன்று கொடுக்காத வீட்டுக்கு நிலத்தில் பங்கில்லை. பெண்கள் சங்கச் செயலாளர் மரியமலர் ஒரு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி முப்பத்தொரு வீட்டின் கதையையும் கேட்டு அடித்துவைத்திருந்தாள். கையெழுத்துகள் தனித் தாளில் தயார். அச்செடுப்பதுதான் பாக்கி.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தில் கோப்பைத் திறந்தாள். மருந்துக்கும் ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது.

"டேய், என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?" என்று போனில் கத்தினாள்.

"ஐயோ, பாமினியிலயே அடிச்சனீங்கள்? ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் உருவம் போடுற அந்தப் பழைய எழுத்துரு லினக்சில இல்லையக்கா. கோப்பை எடுத்தன், எழுத்தை எடுக்க மறந்துபோனன். இன்ரநெற்றில இறக்குங்கோ."

எங்கே இறக்குவது? வைஃபை என்ற சாமானே இந்தப் பெட்டிக்குள் இல்லை என்று லினக்ஸ் சாதித்தது. அவன் சொன்னபடி போனை வயரில் கொளுவினாள். கடவுச்சொல் கேட்டது. அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பிழையாம். மூன்று தரமும் பிழையாம்.

"நான் வாறனக்கா. நாலு மணியாகும்."

"நாலு மணிக்கு வந்து ஆற்ர செத்தவீட்டுக்கடா?"

ரவுணுக்குப் போனால் திரும்ப மூன்று மணி பஸ்தான். பெண்கள் பாதிப்பேர் இறாலுக்குக் களப்பில் இறங்கியிருந்தார்கள், திரும்பக் கேட்டு எழுதவும் வழியில்லை. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. திரையைக் கண்டபடி ஏசினாள். ஏசிக்கொண்டிருக்கும்போதே முதல் வரி புரிந்தது. இருபது வருசம் பாமினி அடித்த விரல்கள். எந்த ஆங்கில எழுத்துக்குப் பின்னால் எந்தத் தமிழ் எழுத்து என்று அவற்றுக்குத் தெரியும்.

"கலிஸ்ரா, பேனையை எடு. நான் வாசிக்கிறன், நீ எழுது."

அச்செடுத்ததை அடுக்க வந்திருந்த சங்கத் தலைவி கலிஸ்ரா கொப்பியை விரித்தாள். மரியமலர் மேசையில் விரலால் தட்டிப் பார்த்துப் பார்த்து வாசித்தாள். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் போனது. பன்னிரண்டாவது வீட்டில் கலிஸ்ரா பேனையை வைத்தாள்.

"மலரக்கா, நேரம் காணாது. உங்கட வீட்டை முதல் எழுதுவம். உங்களுக்குப் பாடம்தானே?"

"நம்பிக் கதை சொன்னதுகள் களப்புக்குள்ள நிக்குதுகள். செயலாளர் தன்ரயை முன்னுக்குத் தள்ளினவள் எண்டு பேர் வேண்டித் தராத. எழுது."

அதிகாரி சரியாக இரண்டுக்கு வந்தார். நல்ல மனிதர், அரை மணி நேரம் பொறுத்தார். இருபத்துநான்கு வீடு முடிந்திருந்தது.

"மிச்சம் இதுக்குள்ள இருக்கு ஐயா. நாலு மணிக்கு அச்செடுத்துத் தாறன்."

அவர் திரையைப் பார்த்தார். "இதென்னம்மா இது?"

"தமிழ்தான் ஐயா."

"மூண்டு மணிக்கு நான் வற்றாப்பளையில நிக்கவேணும். கையில இருக்கிறதைத்தான் எடுக்கலாம்" என்று இருபத்துநான்கையும் வாங்கிக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு றொமேஸ் பென்டிரைவோடு ஓடிவந்தான். ஒரு நிமிடத்தில் பாமினியை ஏற்றினான். கோப்பு கடைசிப் பக்கத்தில் நின்றது, எழுத்தெல்லாம் முத்து முத்தாக: முப்பத்தொன்று, மரியமலர். பதினைந்து வருசமாக இந்த நிலத்தில்தான் கருவாடு காயப்போடுகிறேன். எனக்கு வேறு நிலம் இல்லை.