முப்பத்திரண்டு கிலோ

ஐம்பத்திநாலு வயதுவரை என் அக்கா தூக்கிய பெரிய பாரம் தையல் கடைக் கத்திரிக்கோல்தான். உட்கார்ந்த இடத்திலேயே சட்டைகளுக்குக் காஜா தைத்துக் காலத்தை ஓட்டியவள். அவள் இரும்புக் குண்டு தூக்கப் பழகுகிறாள் என்று தெரிந்ததும் கடையே சிரித்தது.

"சிரிக்கட்டும்டி," என்றாள் என்னிடம். "அவங்க வீட்டு ஆளையா அனுப்பப் போறாங்க?"

அனுப்பப் பார்த்தது என் அத்தானை, அக்காவின் கணவரை. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும் மாலையில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் அவரைத் தூக்கி வைத்தவன் அவர்கள் மகன். அவனுக்கு வெளியூர் மாற்றல் வந்தது. பள்ளி விடுமுறையில் பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்ப வேண்டும். உடனே ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இடம் பிடித்துவிட்டான்.

"உங்களால அவரைத் தூக்க முடியுமாம்மா? நீங்களே சொல்லுங்க."

"அவர் எவ்வளவு எடை?"

"அறுபத்திநாலு கிலோ."

"வலது காலு நல்லாத்தானே இருக்கு? பாதியை அவர் பார்த்துப்பார். மிச்சம் முப்பத்திரண்டு. அதை நான் பார்த்துக்கறேன்."

அவன் கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. ஆனால் அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல் இடம் பிடித்தானே, அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். வாய் குழறினாலும் அத்தான் எங்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்: "போக... மாட்டேன்."

ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் ஒரு உடற்பயிற்சிக் கூடம். அதை நடத்துபவர் ஒல்லிக்குச்சி, அதனாலேயே பெயர் பயில்வான். கைப்பிடி வைத்த குண்டுகளை அங்கே வரிசையாக வைத்திருந்தார். கெட்டில்பெல் என்பார்கள். எட்டு கிலோவில் தொடங்கி நான்கு நான்காக ஏறும்.

"கையால இழுக்காதீங்கம்மா. இடுப்பைப் பின்னால தள்ளுங்க, காலால எழுந்திருங்க," என்றார். இன்னொரு சட்டமும் போட்டார். "வைக்கும்போது சத்தம் வரக்கூடாது. டம்முனு விழுந்தா அந்த எடை இன்னும் உங்களுது இல்ல. அடுத்ததைத் தொடாதீங்க."

எட்டு அவளுடையதாயிற்று. பன்னிரண்டும் பதினாறும்கூட. நடக்கும்போது முதுகு நிமிர்ந்தது. கடையில் சிரிப்பும் கொஞ்சம் அடங்கியது. அந்த நேரம் பார்த்து, மகன் அப்பாவின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மாடி ஏறி, இருபதைத் தாண்டி நேராக இருபத்திநாலைப் பிடித்தாள். தூக்கியும் விட்டாள். இறக்கத்தான் முடியவில்லை. விழுந்த வேகத்தில் கீழே ஹார்டுவேர் கடைத் தகர டப்பாக்கள் குலுங்கின. முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் அத்தானுக்குப் பக்கத்திலேயே பாயில் கிடந்தாள்.

"இப்ப என்னம்மா சொல்றீங்க?" என்று வந்து நின்றான் மகன்.

"பெட்டியிலருந்து சட்டையை வெளிய எடு. கசங்குது."

பயில்வான் அவளைத் திரும்ப எட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். பிள்ளைகள் விளையாடும் எடை. நானாக இருந்தால் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டைத் தூக்கினாள், ஒரு எடையையும் தாண்டாமல் மறுபடி ஏறினாள். இருபது, இருபத்திநாலு, இருபத்தெட்டு. ஒவ்வொன்றையும் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் தரையில் வைத்தாள்.

வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே தொல்லை, கட்டிலோடு முடுக்கியிருந்த பிடிகம்பி. எத்தனை முறை திருகினாலும் தளர்ந்துபோனது. "கட்டில் செஞ்சவன் கையில கிடைச்சா இருக்கு அவனுக்கு," என்று கறுவிக்கொண்டே இருந்தாள். அத்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

முப்பத்திரண்டைச் சத்தமில்லாமல் வைத்த மறுவாரமே வாசலில் இல்லத்து வண்டி வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

"தள்ளி நில்லுங்கப்பா," என்றாள் அக்கா. மகன் பதறி ஓடிவந்தான். "நீயும்தான்."

அத்தானின் இடுப்பில் அகலப் பட்டையைக் கட்டினாள். தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். இடுப்பைப் பின்னால் தள்ளி, பட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். அத்தான் வலது கையால் கட்டில் கம்பியைப் பற்றி, "ம்" என்றார்.

எழுந்தார்கள். திரும்பினார்கள். அத்தானை உட்காரவைத்தபோது, தொட்டாலே கிரீச்சிடும் அந்தச் சக்கர நாற்காலி வாயைத் திறக்கவில்லை. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரை மடக்கினார்கள். ஆனால் அக்கா முகத்தில் சந்தேகம்.

"ஏங்க, முப்பத்திரண்டு இல்லையே! பாதிகூட எனக்கு வரலையே?"

அத்தான் கம்பியைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"நீ... மாடிக்குப் போனதும்... அதைப் பிடிச்சு... எழுந்து எழுந்து... உட்காருவேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"அந்த வண்டியைத் திருப்பி அனுப்பு. அப்படியே அந்த ஹார்டுவேர் கடைக்குப் போய் நல்ல ஸ்பேனரா ஒண்ணு வாங்கிட்டு வா. உங்கப்பாவுக்குக் கம்பி ஆடுது."