விமானத்து மிட்டாய்

அப்பா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும், "மூத்தவன் வந்தானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சென்னையில் துணி வியாபாரம் செய்த அண்ணன், ரொம்ப தூரம் என்று சொல்லியே வராமல் இருந்தான். சாவுத் தந்தி போன பிறகுதான் விமானம் ஏறினான். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். அதனால் நாகர்கோவிலில் உடலைக் கிடத்தி வைத்துக் காத்திருந்தோம்.

திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்து இறங்கியவன், அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பந்தலுக்கு வந்தான். விமானத்தில் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய்களைப் பையிலிருந்து எடுத்தான். அடுப்பு மூட்டாத அந்தத் துட்டி வீட்டில் அத்தனை பேரும் கை நீட்டினார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. வாயில் போட்டுக்கொண்டேன்.

"எவ்வளவு நேரம்டே ஆச்சு?" என்று மாமா கேட்டார்.

"காலைல மெட்ராஸ்ல காப்பி குடிச்சிட்டு ஏறினேன். மத்தியானச் சோறு திருவனந்தபுரத்துல."

அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"காப்பிக்கும் சோத்துக்கும் நடுவுலதான் இருந்தியா மக்கா? ரொம்ப தூரம்னுல்லா அவருட்ட சொல்லிட்டிருந்தேன்."

மிட்டாய் சப்பும் சத்தம் மட்டும் கேட்டது. வேலியோரம் போய்த் துப்பினேன்.

இன்றும் ஆரஞ்சு மிட்டாய் வாசம் பட்டால் எனக்குக் குமட்டும். அண்ணனை நினைத்து மட்டுமல்ல.