ஏரிக்கு இறங்காத குஞ்சுகள்

கீழ்க்கட்டளையில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால், கெண்டை மீன்கள் மழைநீர்க் கால்வாயில் எதிர்நீச்சல் போட்டு அந்த மனையில் தேங்கிய குட்டைக்கு வந்து முட்டையிடும். குஞ்சுகள் விரல் நகம் அளவு வளர்ந்ததும், அடுத்த பெருமழையில் அதே கால்வாய் வழியாக ஏரிக்கு இறங்கிவிடும். பத்து வருஷம் அங்கே குடியிருந்தும் எனக்கு இது தெரியாது. வாசலில் இஸ்திரி போடும் அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

அந்த வருஷம் நான் அசோசியேஷன் செயலாளர். பெரிய பதவிதான், போங்கள்! மோட்டார் ஓடாவிட்டாலும் நாய் குரைத்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். இரண்டாவது மாடியில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் வாட்ஸ்அப் குழு கொதித்தது. இவ்வளவு கொசு, செயலாளர் என்ன தூங்குகிறாரா என்று கேட்டார்கள். ரோஷம் வந்து ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்தேன்.

மூட்டையைப் பார்த்ததும் அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

“குட்டைல போடாத சார். குஞ்சுங்க கீது. கொசுப் புழுவ அதுங்களே துன்னுடும். ரெண்டு நாள்ல மழைன்றாங்க, எல்லாம் ஏரிக்குப் பூடும்.”

“சரிக்கா, குட்டைல போடல” என்றேன்.

சொன்ன சொல்லை நான் மீறவில்லை. அன்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டது இப்படித்தான். மறுநாள் காலையில் குட்டைப் பக்கமே போகாமல், மூட்டை முழுவதையும் கால்வாயில் கொட்டும்படி காவலாளியிடம் சொல்லி, படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பாராட்டாகக் கட்டைவிரல் பொம்மைகள் வந்து குவிந்தன. குஞ்சுகள் போகும் வழி அதுதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மழைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறதே, அதற்குள் நெடி போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியமே மழை கொட்டித் தீர்த்தது. குட்டை வழிந்து குஞ்சுகள் கூட்டமாகக் கால்வாயில் இறங்கிவிட்டன. குடையோடு நான் கால்வாய் மேலிருந்த சிறுபாலத்துக்கு ஓடியபோது சில இருந்த இடத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தன. மற்றதெல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அக்கா முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, துடிப்பதை மட்டும் கையால் அள்ளி, நல்ல தண்ணீர் இருந்த பக்கெட்டில் விட்டுக்கொண்டிருந்தார். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வெட்கமாக இருந்தது. அள்ளிப்போட்டவையும் ஒவ்வொன்றாக அடங்கிப்போயின.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அடுத்ததை அள்ளக் குனிந்தார். நான்தான், “தப்பு பண்ணிட்டேங்கா” என்றேன்.

அவர் பக்கெட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“வெடிகாலைலயே இத எட்த்துக்கினு வந்தேன் சார், அல்லாத்தையும் அள்ளிக்கினு போயி ஏரில வுட்றலாம்னு. நீதான் போடலன்னு சொல்லிட்டியேன்னு திரும்பிப் பூட்டேன்.”