அக்காவின் முதுகு

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு ஓவிய வகுப்பு. ஒரகடத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த அரசுப் பள்ளியில், பல வாரம் அதையும் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். அப்படிப் பறிபோகாத ஒரு நாள் ஓவிய டீச்சர் பக்கெட் நிறைய ஏரி மண்ணைக் கொண்டுவந்து வைத்து, "இன்னைக்குப் பென்சில் வேணாம். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளை மண்ணுல செய்யுங்க" என்றார்.

மற்றவர்கள் பிள்ளையார் பிடித்தார்கள். நான் அக்காவைச் செய்ய ஆரம்பித்தேன். அவள் செல்போன் கம்பெனி ஒன்றில் பாகங்களைப் பூட்டும் லைனில் நாள் முழுக்க நிற்பாள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், ஒரு தோளைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள்.

அவளைப் பேப்பரில் வரைந்திருக்கிறேன். முகம் வந்துவிட்டால் முடிந்தது. மண் அப்படி விடவில்லை. திருப்பினால் முதுகு வேண்டியிருந்தது. அக்காவின் முதுகு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று வீட்டில் அவள் தூங்கும்போது பின்னால் போய் நின்று பார்த்தேன். பிடரிக்குக் கீழே ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

அவள் கண் விழித்தாள். "இன்னாடி சுத்திச் சுத்திப் பார்த்துக்கினு கீற?"

"ஒண்ணுமில்லக்கா. நீ தூங்கு."

அடுத்த வகுப்பில் முதுகு வந்தது, கழுத்து நிற்கவில்லை. சாய்த்தால் தலை விழுந்தது. டீச்சர் உள்ளே குச்சி வைக்கச் சொன்னார். வைத்தால் பிரேயரில் நிற்பவள்போல் விறைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு வாரம் கணக்கு சார். ஈரத்துணி சுற்றி வைத்திருந்த பொம்மை காய்ந்து வெடித்தது. ஊறவைத்து மறுபடி தொடங்கினேன். ஊரெங்கும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம், கட்டுக்கம்பிக்குப் பஞ்சமில்லை. நான்கைந்து இழைகளை முறுக்கி, வளைத்து உள்ளே வைத்தேன். தலை அக்காவின் தலைபோலவே சாய்ந்து நின்றது.

அடுத்த வாரம் போனால் பொம்மை இல்லை. தரையில் கம்பி மட்டும் கிடந்தது. அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை செய்த பையன்கள் என் பொம்மையைப் பக்கெட்டில் போட்டுப் பிசைந்துவிட்டார்கள்.

"அது நான் செஞ்சது" என்றேன்.

"மண்ணுதானே? ஏரியில எவ்ளோ வேணா கீது" என்றான் ஒருவன். நான் தரையில் கிடந்த கம்பியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"கண்காட்சி முடியட்டும்மா, மறுபடி பண்ணலாம்" என்றார் டீச்சர். கண்காட்சி முடிந்ததும் பரீட்சை வந்தது. பத்தாம் வகுப்புக்கு ஓவிய வகுப்பே கிடையாது என்றார்கள்.

கோடை விடுமுறையில் நானே மண் அள்ளி வந்து வீட்டுப் பின்புறம் உட்கார்ந்தேன். இடது தோள் மட்டும் பாக்கியிருந்தபோது அக்கா பார்த்துவிட்டாள்.

"நானா இது?"

"ஆமாக்கா."

"இப்படியா கூன் போட்டுக்கினு ஒக்கார்றேன்? பஸ்ஸுலயும் இப்படித்தானே தூங்குறேன், எல்லாரும் பார்த்திருப்பாங்களே."

"நல்லாத்தான் கீது" என்றேன். அவள் நம்பவில்லை.

மறுநாளிலிருந்து வேலை விட்டு வந்ததும் முகம் கழுவி, பாய் விரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒருமுறை உட்காரச் சொல்லிக் கெஞ்சினேன். "வேற வேல இல்லையா உனக்கு?" என்றாள். அந்த ஒரு தோளை நினைவிலிருந்தே செய்தேன். வழித்தெடுத்து மறுபடி செய்தேன். ஒரு தடவைகூட அது அவளுடைய தோளாக இல்லை.