தைப்பூசத்தன்று பிறக்காத மகள்

என் மகளுக்கு ஐந்து வயது முடிந்தபோது, அவள் பிறந்ததற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நாங்கள் நரிக்குறவர்கள். அன்னவாசல் பக்கம் காலனியில் வீடு உண்டு. ஆனாலும் பாசிமணி விற்க ஊர் ஊராய்த் திருவிழாக்களுக்குப் போய்க்கொண்டே இருப்போம். அவள் பிறந்தது பழநி அரசு ஆஸ்பத்திரியில், தைப்பூச வியாபாரத்தின் நடுவே. பெயர் வைத்த பிறகு வந்து சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம். அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு. பிறகு அதை மறந்தே போனோம்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஆதார் கேட்டார்கள். ஆதார் எடுக்கப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கள் சாதியைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். மகளுக்கு அந்தச் சாதிச் சான்றிதழையும் வாங்கிவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தேன். எல்லாம் இந்த ஒரு காகிதத்தில் வந்து நின்றது. பழநிக்குப் போய் யாரிடம் கேட்பது? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்னவாசல் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னோம்.

“அதுக்கு எதுக்குக்கா பழநி வரைக்கும் போறீங்க? ஆஸ்பத்திரியில பொறந்த புள்ளைன்னா பதிவு ஆன்லைன்லயே இருக்கும். தேதிய மட்டும் சரியாச் சொல்லுங்க.”

“தைப்பூசத்தன்னைக்குங்க. தேர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, நல்லா ஞாபகம் இருக்கு” என்றார் என் கணவர்.

அவள் அந்த வருடத்துத் தைப்பூசத் தேதியைத் தேடி எடுத்துத் தட்டினாள். அன்று பிறந்த பெண் குழந்தைகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொரு தாயின் பெயராகப் படித்தாள். என் பெயர் இல்லை. மறுபடியும் படித்தாள். இல்லை. அவசரப்பட்டுக் கிளம்பியதில் எழுதாமலே விட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன்.

அப்போதுதான், “விடிஞ்சிருச்சு பாரு, ஒம் மக முகத்தப் பாரு” என்று நர்சம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

“தேரன்னைக்கு வலிதாங்க வந்துச்சு. பொறந்தது மறுநா வெடியக்கால. இவரு வியாபாரத்துல இருந்தாரு, இவருக்கு என்ன தெரியும்?”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தேதியை மாற்றினாள். சற்று நேரத்தில் திரையை என் பக்கம் திருப்பினாள். “இதுதானக்கா?”

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என் பெயர். அவர் பெயர். எங்கள் ஊர். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் எங்கள் பாஷையில், “நம்ம புள்ள இருக்கா, இருக்கா” என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பேரை அப்புறமாச் சேத்துக்கலாம், பயப்படாதீங்க” என்று அவள் அச்செடுத்துக் கொடுத்தாள்.

பெயர் சேர்க்க ஒருமுறை, ஆதாருக்கு இரண்டுமுறை அலைந்தோம். சாதிச் சான்றிதழுக்கும் அதே மையத்தில்தான் விண்ணப்பித்தோம். அதிகாரிகள் காலனிக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரு மத்தியானம் திருமயம் பேருந்து நிலையத்தில் நான் விற்றுக்கொண்டிருந்தபோது, சான்றிதழ் தயார் என்று செல்போனுக்குச் செய்தி வந்தது. உடனே கணவருக்குப் போன் போட்டேன்.

அவர், “நெசமாவா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

அன்று வெயில் தாழும் முன்பே கடையைக் கட்டிவிட்டு, இரண்டு இட்லி கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டேன்.