லித்தியத்தில் பொறி தட்டியது

காட்டூரில் பேட்டரிக் கடை வைத்து முப்பது வருஷம் ஆகிறது. ஈய பேட்டரி வந்தால் மீட்டரையெல்லாம் தேட மாட்டேன். ஒரு துண்டு ஒயரை எடுத்து இரண்டு முனையையும் சட்டென்று உரசுவேன். பொறி பளிச்சென்று பறந்தால் உயிர் இருக்கிறது, மங்கினால் போச்சு. எங்கள் தொழிலில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஈயம் தெரிந்த சரக்கு. செத்த பேட்டரியை உருக்கினால் அதுவே புதிதாகத் திரும்பி வரும். லித்தியம் அப்படியில்லை. உள்ளே இருக்கும் செல்களும் கடல் தாண்டி வர வேண்டும், அவற்றைக் காவல் காக்கும் சர்க்யூட் போர்டும் வர வேண்டும். போன வருஷத்து போர்டு இந்த வருஷத்து செல்லுக்குச் சேராது. நினைத்தாலே எரிச்சல்தான்.

போன மார்கழியில், ஸ்ரீரங்கத்தில் எலக்ட்ரிக் ஆட்டோ ஓட்டும் அம்மா ஒருவர் வந்தார். பல வருஷ வாடிக்கை.

"புதுசா லித்தியம் போட்டிருக்கேண்ணே. ஏகாதசிக் கூட்டத்துக்குத் தாங்குமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றவர், எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

வைகுண்ட ஏகாதசிக்கு இன்னும் பத்து நாள். வருஷம் முழுக்க அவர் நம்பியிருப்பது அந்தக் கூட்டத்தைத்தான்.

கை தானாக ஒயரை எடுத்தது. உரசினேன். பொறி பறந்தது, கருகல் வாடை வந்தது, வண்டி அப்படியே செத்தது. போர்டு போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரியும்.

அவர் திரும்பி வந்ததும், "கம்பெனிக் கோளாறும்மா. வாரன்ட்டி இருக்குல்ல, ஷோரூம்ல கேளுங்க" என்றேன். அந்த நேரத்தில் வெட்கமாகக்கூட இல்லை.

மறுநாள் மத்தியானம் ஷோரூமிலிருந்து நேரே என் கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"யாரோ முனையை உரசியிருக்காங்க, வாரன்ட்டி கிடையாதுங்கிறாங்கண்ணே. போர்டு வெளிநாட்டுலேருந்து வரணுமாம், மாசக்கணக்கா ஆகுமாம். எங்க பேட்டரிக்கடை அண்ணன் கைதான் பட்டுச்சு, அவரு அப்படிச் செய்ற ஆளே இல்லைன்னு சண்டை போட்டுட்டு வரேன்."

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"நான்தாம்மா உரசினேன்" என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். 

"ஏகாதசி போச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஷோரூம்ல ஒரு பொண்ணுண்ணே, வேலைக்குச் சேந்து ஒரு வாரம்தான் ஆச்சாம். அதுதான் பேட்டரியைத் திறந்து பாத்து உள்ளதைச் சொல்லுச்சு. நான் அதைப் பொய்க்காரின்னு சொல்லி, எல்லார் முன்னாடியும் அழ வெச்சுட்டு வந்திருக்கேன்."